பள்ளிக்கரணையின் பனிக்கால விருந்தினர்

வடநாட்டு நீர்நிலைகள் பனியால் உறையுங்கால் புள்ளினங்கள் இரைநாடித் தெற்கே வருகின்றன. சென்னையின் தென்பாலுள்ள பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்திற்கு மார்கழி விடியலிற் சென்றால் அவற்றைக் காண்போம். ஊசிவால் வாத்து தலைகீழாய்க் கவிழ்ந்து அடியிலுள்ள இரையைத் தேடும். தட்டைவாயன் மேல்நீரை அலகால் அரித்துண்ணும். உள்ளான் சேற்றைக் குத்தும். இவையனைத்திற்கும் வேண்டுவது ஆழமற்ற நீரே.

அப்பரப்போ குப்பைமேட்டாலும் கட்டடங்களாலும் பெரிதும் சுருங்கிவிட்டது. 2007இல் ஒரு பகுதி காப்புக்காடாயிற்று. 2022இல் ராம்சர் என்னும் உலக ஈரநிலப் பட்டியலிலும் இடம்பெற்றது. எனினும் காவல் ஏட்டளவில் நின்றாற் பயனென்னை? சுற்றியுள்ள ஏரிகளின் மிகுநீர் வந்து தங்குமிடமும் இதுவே. வாத்து கவிழ இடமின்றேல் வெள்ளம் பரவவும் இடமிராது. அது நம் இல்லம் புகும். ஆதலின் புள்ளின் உறையுளைக் காத்தல் நம் கடனாம்.