மருந்தின் விலை ஒன்று, நோயாளி தருவது வேறு

சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்பது நுரையீரலைப் பாதிக்கும் பரம்பரை நோய். அதற்கான ட்ரைகாஃப்டா மாத்திரையை ஆஸ்திரேலியாவில் மானியமில்லாமல் வாங்கினால் ஆண்டுக்கு 2,50,000 டாலருக்கு மேல் செலவாகும். 2022 ஏப்ரலில் அது அரசின் மானியப் பட்டியலில் சேர்ந்தது. இன்று மருந்துக்கடையில் ஒரு சீட்டுக்கு நோயாளி தருவது அதிகபட்சம் 25 டாலர். மீதி அரசின் பொறுப்பு.

இதைச் சாத்தியமாக்குவது பி.பி.எஸ். எனப்படும் மருந்துப் பயன் திட்டம். 1948இல் 139 உயிர்காக்கும் மருந்துகளை இலவசமாகத் தந்து இது தொடங்கியது. 1960 முதல் நோயாளியும் ஒரு சிறு பங்கைத் தருகிறார். பொதுப் பிரிவினரின் பங்கு 2022இல் 42.50 டாலராக இருந்தது. 2023இல் 30 ஆனது. 2026 ஜனவரியில் 25 ஆகக் குறைந்தது. ஓய்வூதியர் போன்ற சலுகை அட்டைதாரர்கள் 7.70 டாலர் தந்தால் போதும். மருந்தின் விலை 40 டாலரானாலும் 4,000 டாலரானாலும் இந்தப் பங்கு மாறாது. ஓராண்டில் குடும்பத்தின் மருந்துச் செலவு குறிப்பிட்ட வரம்பைத் தாண்டினால், அவ்வாண்டின் எஞ்சிய காலத்துக்குப் பொதுப் பிரிவினரும் 7.70 டாலர் கட்டணத்துக்கு வந்துவிடுவார்கள். தங்களுக்கான வரம்பைத் தாண்டிய சலுகை அட்டைதாரர்களுக்கு அதன்பின் மருந்து இலவசம்.

அரசு பணம் தருகிறது என்பதற்காக நிறுவனம் சொன்னதே விலையாகிவிடாது. வல்லுநர் குழு பரிந்துரைக்காமல் எந்தப் புதிய மருந்தும் பட்டியலில் ஏறாது. இருக்கும் சிகிச்சையைவிட இது எவ்வளவு கூடுதல் பயன் தரும், கேட்கும் விலைக்கு அந்தப் பயன் தகுமா என்று குழு கணக்குப் பார்க்கும். இந்தக் கணக்கு 1993 முதல் கட்டாயம். நாடு முழுவதற்கும் ஒரே பட்டியல் என்பதால் அரசின் பேரம் எடுபடுகிறது. ஹெபடைட்டிஸ் சி மருந்துகளுக்கு ஐந்தாண்டுகளில் சுமார் 100 கோடி டாலர் என்று ஒப்பந்தம் செய்துகொண்டு, 2016 மார்ச்சில் அவற்றைப் பட்டியலில் சேர்த்தார்கள். எத்தனை பேருக்குக் கொடுத்தாலும் மொத்தத் தொகை ஏறாது. அதனால் சிகிச்சை பெறுவோர் கூடக்கூட, ஒருவருக்கு ஆகும் செலவு குறைந்தது.

பட்டியலுக்கு வெளியே நிலைமை கடினம். ஓசெம்பிக் ஊசிக்கு இரண்டாம் வகை நீரிழிவுக்காரருக்கு மானியம் உண்டு; உடல் எடையைக் குறைக்க அதையே வாங்குபவர் முழு விலையும் தரவேண்டும். புதிய மருந்து பட்டியலில் ஏறும்வரை காத்திருக்கும் நோயாளிகளின் வேதனையும் பெரிது. அந்தக் காத்திருப்பு இன்னும் குறைய வேண்டும்.

மானியத்தை அரசின் செலவுக் கணக்காக மட்டும் பார்ப்பது தவறு. கையில் சீட்டு இருந்தும் பணமில்லாமல் மருந்து வாங்காதவர் எத்தனை பேர் என்பதே அதன் உண்மையான அளவுகோல். அந்த எண்ணிக்கையைக் குறைக்காத மானியம், ஏட்டில் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் நோயாளிக்கு உதவாது.