நோய்வாய்ப்படாதவர்களையும் எண்ணும் படிப்பு

உயிர்ப் புள்ளியியலில் முதுகலை படிக்கப் போவதாகப் பிள்ளை சொன்னால், "படித்துவிட்டு என்ன வேலை செய்வாய்?" என்றுதான் வீட்டில் முதலில் கேட்பார்கள். மலேசியத் தொழிற்சாலை ஊரான பாசிர் கூடாங்கில் வாழ்பவர்களுக்கு அதை விளக்குவது எளிது.

2019 மார்ச் 7. சுங்கை கிம் கிம் ஆற்றில் கொட்டப்பட்ட ரசாயனக் கழிவிலிருந்து கிளம்பிய நச்சு ஆவி அருகிலிருந்த பாசிர் பூத்தே பள்ளிகளுக்குள் புகுந்தது. பிள்ளைகள் மூச்சுத் திணறி வாந்தி எடுத்தார்கள். ஒரு வாரத்துக்குள் வட்டாரத்தின் 111 பள்ளிகளையும் மூட வேண்டியதாயிற்று. சுமார் 6,000 பேர் பாதிக்கப்பட்டார்கள். 2,775 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள்.

கேட்கவே நெஞ்சு பதறுகிறது. ஆனால் மொத்தம் எத்தனை பேரில் இத்தனை பேர் என்று தெரியாமல் ஆபத்தை அளக்க முடியாது. 1,000 பேர் படிக்கும் பள்ளியில் 100 பேருக்கு மூச்சுத்திணறல், 200 பேர் படிக்கும் பள்ளியில் 60 பேருக்கு என்று வைத்துக்கொள்வோம். இரண்டாவதில் எண்ணிக்கை குறைவு, ஆபத்தோ மும்மடங்கு. ஆற்றிலிருந்து தூரம், காற்று வீசிய திசை, முன்பே இருந்த ஆஸ்துமா எல்லாவற்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும். பயத்தில் மயங்கியவரையும் விட்டுவிடக் கூடாது. அவர் பட்டதும் பாதிப்புதான்.

இதற்கான முறைகளைத்தான் கிளந்தானில் யு.எஸ்.எம். பல்கலைக்கழகத்தின் மருத்துவப் புள்ளியியல் படிப்பும், வேலூர் சி.எம்.சி. மருத்துவக் கல்லூரியின் உயிர்ப் புள்ளியியல் துறையும் கற்றுத்தருகின்றன.

எனக்கு மிக முக்கியமாகப் படுவது உயிர்வாழ்வுப் பகுப்பாய்வு. கிம் கிம் கழிவில் இருந்ததாகச் சொல்லப்பட்டவற்றுள் பென்சீனும் ஒன்று. அது உண்டாக்கக்கூடிய ரத்தப் புற்றுநோய் தெரியவரப் பல ஆண்டுகள் ஆகலாம். அதற்குள் தொழிற்சாலை ஊரில் எத்தனையோ குடும்பங்கள் வேறு ஊருக்கு மாறிவிடும். போனவரை நலமானவர் என்றும் எழுத முடியாது, கணக்கிலிருந்து அடிக்கவும் முடியாது. கடைசியாகப் பார்த்த நாள்வரை அவரைச் சேர்த்துக்கொள்ள இந்த முறை வழி காட்டுகிறது.

பாதிக்கப்படாதவர்களையும் எண்ண வேண்டும். 1984 போபால் விஷவாயு விபத்துக்குப் பிறகு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், வாயு தாக்கிய பகுதிகளில் சுமார் 80,000 பேரைத் தொடர்ந்து கவனித்தது. கூடவே, வாயு தாக்காத பகுதிகளில் சுமார் 16,000 பேரையும் கவனித்தது. ஒப்பிட இவர்கள் இல்லையென்றால் எந்த நோய் வாயுவால் வந்தது, எது எப்படியும் வந்திருக்கும் என்று பிரிக்கவே முடியாது.

2019இல் தொடக்கப்பள்ளியில் இருந்த பிள்ளைகளின் நுரையீரல் இன்று எப்படி இருக்கிறது? இந்தக் கேள்வியை ஒரு முதுகலை மாணவர் தாராளமாக ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளலாம். ஒப்பிட எண்ணெய்ப்பனைத் தோட்டப் பக்கத்து அமைதியான ஊரைத் தேர்ந்தால், பாசிர் கூடாங்கின் அன்றாட ஆலைப் புகையும் கிம் கிம் கணக்கில் ஏறிவிடும். அதனால் இதே ஊரில், ஆற்றுக்கு எட்டத்தில் வளர்ந்த பிள்ளைகளைத்தான் தேட வேண்டும்.