கணனி மாறும்போது கணக்கு எங்கே போகிறது?

திருகோணமலைத் துறைமுகப் பக்கம் கடை வைத்திருப்பவர்களுக்கு ஒன்றைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இங்கே பாதி வியாபாரம் கடனில்தான் ஓடுகிறது. மாரியில் கடல் குழம்பிக் கிடக்கும்போது வலை, நைலோன் கயிறு, எஞ்சின் சாமான் என்று போட்டுக்காரர்கள் எடுத்துப் போவார்கள். கடல் அமைதியாகி மீன் படத் தொடங்கியதும் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டுவார்கள். வாப்பா காலத்தில் இதெல்லாம் சிவப்பு மட்டைக் கொப்பியில் இருந்தது. நான் கணனிக்கு மாறிப் பல வருடங்களாகி விட்டன.

2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவை மைக்ரோசொப்ட் நிறுத்தியது உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். என் பழைய கணனியில் விண்டோஸ் 11 ஏறாது என்று மருமகன் சொன்னார். நவம்பர் முதல் வாரம் புதிது வாங்கினேன். பழையதை விற்றவரே எடுத்துக்கொண்டு விலையில் கழித்தார். சாமான் மாற்ற வந்த பொடியன் ஒரு பென் டிரைவைக் கையில் தந்து, "எல்லாம் இதில ஏத்திட்டன் முதலாளி" என்றான். நானும் பத்திரமாக லாச்சியில் போட்டுப் பூட்டினேன்.

மறுநாள் காலை புதுக் கணனியில் கணக்கைத் திறந்தால் ஒரு பெயர் கூட இல்லை. பென் டிரைவைப் போட்டுப் பார்த்தோம். திரையில் நாம் தினமும் அழுத்துகிற அந்தச் சின்னப் படம் மட்டும் இருந்தது. அளவு 2 கேபி. அது கணக்கைத் திறக்கும் வாசலுக்கு வழி காட்டும் பலகை மாதிரி. பலகையைக் கழற்றிக்கொண்டு போனால் வீடு கூடவே வராது. பழைய கணனியைத் தேடி ஓடினேன். அதை அன்றிரவே சுத்தமாக அழித்து வேறொருவருக்குத் தயார் பண்ணிவிட்டார்கள்.

மிஞ்சியது மார்ச் மாதம் நான் எழுதி வைத்த ஒரு சீடி. புதுக் கணனியில் சீடி போட இடமே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. பக்கத்துக் கடை நானாவிடம் இருந்த பழைய டிரைவை இரவல் வாங்கித்தான் திறந்தோம்.

ஏழு மாதக் கணக்கு போய்விட்டது. நான் கொடுத்த கடன் மட்டும் போயிருந்தால் என் நட்டம் என்று விட்டிருப்பேன். அந்த ஏழு மாதமும் சனம் காசு கட்டிய மாதங்கள். மார்ச் கணக்கின்படி மூதூர் போட்டுக்காரர் ஒருவர் ஒரு இலட்சத்து நாற்பதாயிரம் ரூபா தர வேண்டும். அதில் பாதிக்கு மேல் அவர் கட்டிவிட்டார் என்று மனம் சொல்கிறது. கட்டியவனிடம் மறுபடி கேட்பதா? கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கச் சொல்லும் வசனம்தான் குர்ஆனிலேயே நீளமான வசனம். எழுதியதைத் தொலைத்துவிட்டு நான் யாரிடம் போய் என்ன சொல்வது?

பில் புத்தகங்களின் கார்பன் பிரதிகளை வைத்துக்கொண்டு மூன்று வாரம் இரவில் உட்கார்ந்தோம். மீதியை ஆட்களிடமே கேட்டேன். அந்த மூதூர்க்காரர் தன் கொப்பியைக் கொண்டு வந்து, "நாப்பத்தெட்டாயிரம் தரணும் ஹாஜியார், நீங்க முப்பதெண்டு போட்டிருக்கீங்க" என்று என்னைத் திருத்தினார். எல்லோரும் அப்படி இல்லை.

இனி, கணனி மாற்றப் போகிறவர்களுக்கு. உங்கள் கணக்கு எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்று மென்பொருள் போட்டுத் தந்தவரிடம் கேட்டு ஒரு தாளில் எழுதி வையுங்கள். பெரும்பாலான கணக்கு மென்பொருள்களில் பெக்கப் என்று ஒரு கட்டளை இருக்கும், அதையே பயன்படுத்துங்கள். கையால் கொப்பி பண்ணுவதானால் முதலில் மென்பொருளை மூடிவிடுங்கள். திறந்திருக்கும்போது எடுத்த பிரதி அரைகுறையாக இருக்கலாம். பிறகு அளவைப் பாருங்கள். பல வருடக் கணக்கு 2 கேபியில் அடங்காது. பழைய பென் டிரைவ்கள் பல ஃபெட் 32 முறையில் இருக்கும். அதில் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பு ஏறாது.

முக்கியமானது, பழைய கணனியைக் கையை விட்டுக் கொடுப்பதற்கு முன் அந்தப் பிரதியைப் புதுக் கணனியில் போட்டுத் திறந்து, உங்களுக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரு வாடிக்கையாளரின் மீதியைப் பாருங்கள். புதுப் பதிப்பு மென்பொருள் பழைய கணக்கைத் தன் முறைக்கு மாற்றி எடுத்துக்கொண்டால் பிறகு பழைய பதிப்பில் அது திறக்காமல் போகலாம். ஆகவே மாற்றாத பிரதி ஒன்றைத் தனியாக வையுங்கள். அதே கணனியில் விண்டோஸை மட்டும் உயர்த்துகிறவர்களுக்குப் பழையதற்குத் திரும்பிப் போக வழமையாக 10 நாள்தான் அவகாசம்.

பெரிய இடத்திலும் இது நடந்திருக்கிறது. 2023 ஓகஸ்டில் அரசாங்கத்தின் லங்கா கவர்ன்மென்ட் கிளவுட்டில் கப்பம் கேட்கும் வைரஸ் புகுந்தது. அமைச்சரவை அலுவலகம் உட்பட சுமார் 5,000 மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான தகவல்கள் திரும்பக் கிடைக்கவில்லை. பிரதி இருந்தது, ஆனால் அதுவும் வலையமைப்போடு இணைந்தே இருந்ததால் சேர்ந்து பூட்டப்பட்டது. கழற்றி வைத்த பிரதி அந்தக் காலத்துக்கு இல்லை. மின்னஞ்சல் மென்பொருளும் காசில்லாமல் புதுப்பிக்கப்படாத பழைய பதிப்பு. ஹார்ட் டிஸ்க்கை எந்நேரமும் கணனியில் செருகியே வைத்திருக்கும் நம்மவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

கழற்றியதை எங்கே வைப்பது? 2004 டிசம்பர் 26இல் கிண்ணியாவிலும் மூதூரிலும் கடையோடு கணக்குப் புத்தகமும் கடலில் போனதை நாம் பார்த்தவர்கள். நான் கார்பன் தாள்களோடு உட்கார்ந்திருந்த அதே நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்து மூதூர்ப் பக்கம் மறுபடி வெள்ளம்.

இப்போது என்னிடம் இரண்டு ஹார்ட் டிஸ்க் இருக்கின்றன. ஒன்று கடையில், கடல் காற்று படாமல் பிளாஸ்டிக் டப்பாவில் ஈரம் உறிஞ்சும் சிறு பையோடு. மற்றது சீனக்குடாவில் மகள் வீட்டு அலுமாரியில். வியாழன் மாலை கடை பூட்டியதும் கடையிலுள்ளதில் பிரதி எடுத்துக்கொண்டு போய், அங்குள்ளதை வாங்கி வருகிறேன். பேரப்பிள்ளைகளையும் பார்த்த மாதிரி ஆகிறது. மாதம் ஒரு முறை மருமகனின் மடிக்கணனியில் அதைத் திறந்து, அந்த மூதூர்க்காரரின் மீதியைத்தான் முதலில் பார்ப்பேன். போன மாதம் பன்னிரண்டாயிரம் இருந்தது.