செலாயாங்கில் வெந்நீர் ஏன் பீறிடுவதில்லை?

கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸிலிருந்து வடக்கே வண்டியை விட்டால், பத்துமலையைத் தாண்டாமலே செலாயாங் வெந்நீர் ஊற்றுக்குப் போய்விடலாம். மூட்டுவலிக்காரர்கள் காலை ஊறப்போட்டு உட்கார்ந்திருப்பார்கள். சூடு தாங்காதவர்கள் வாளியில் மொண்டு, பச்சைத் தண்ணீர் விளாவிக் குளிப்பார்கள். இந்தச் சூட்டைப் பார்த்துவிட்டு, அடியில் எரிமலை இருக்கிறது என்று சொல்பவர்கள் உண்டு. அப்படி எதுவும் இல்லை. இங்குள்ள தித்திவங்சா மலைத்தொடரின் கருங்கல் சுமார் 20 கோடி ஆண்டுகளுக்கு முன்பே இறுகி ஆறிவிட்டது. மழைநீர் பாறை வெடிப்புகள் வழியே ஆழத்துக்கு இறங்குகிறது. பூமிக்குள் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 25 முதல் 30 டிகிரி வரை சூடு கூடும். கருங்கல்லில் உள்ள யுரேனியமும் தோரியமும் சிதைந்து தரும் வெப்பமும் அதோடு சேர்கிறது. அங்கே சூடேறிய நீர் இன்னொரு வெடிப்பைப் பிடித்து மேலே வருகிறது.

அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவிலும் இதே மழைநீர்தான் மண்ணுக்குள் போகிறது. ஆனால் அங்கே ‘ஓல்ட் ஃபெய்த்ஃபுல்’ என்ற பீச்சூற்று சுமார் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை 30 முதல் 55 மீட்டர் உயரத்துக்குக் கொதிநீரை எறிகிறது. யெல்லோஸ்டோனுக்கு அடியில் பாறைக்குழம்பு இருப்பதால் சூட்டுக்குக் குறைவில்லை. என்றாலும் சூடு மட்டும் போதாது. அதே பூங்காவில் ஆயிரக்கணக்கான ஊற்றுகள் பீறிடாமல் வெறுமனே கொதித்துக்கொண்டிருக்கின்றன.

விஷயம் குழாயில் இருக்கிறது. 1992-இல் ஆராய்ச்சியாளர்கள் ஓல்ட் ஃபெய்த்ஃபுல்லின் வாய்க்குள் கேமரா இறக்கிப் பார்த்தார்கள். ஏறக்குறைய 7 மீட்டர் ஆழத்தில் வழி 11 சென்டிமீட்டராகக் குறுகிவிடுகிறது. அவ்வளவு பெரிய பீச்சலும் ஒரு கை நுழையும் இடுக்கு வழியாகத்தான் வெளியே வருகிறது! சூடான நீர் பாறையிலிருந்து கரைத்துக் கொண்டுவரும் சிலிக்கா உட்சுவரில் படிந்து, நீராவி கசியாதபடி பூசிவிடுகிறது.

இடுக்குக்குக் கீழே நிற்கும் நீரை மேலே உள்ள நீரின் எடை அழுத்துகிறது. அழுத்தம் கூடினால் கொதிநிலையும் கூடும். கடல்மட்டத்தில் 100 டிகிரியில் கொதிக்கும் நீர், 10 மீட்டர் நீருக்கு அடியில் சுமார் 120 டிகிரி வரை கொதிக்காமல் நிற்கும். வீட்டு பிரஷர் குக்கரில் நடப்பதும் இதுதான். சூடு ஏற ஏற, சில நீராவிக் குமிழிகள் மேலெழுந்து, வாயிலிருந்து கொஞ்சம் நீரைத் தளும்பி வழியச் செய்யும். மேலே எடை குறைந்த அந்த நொடியில் அடியில் உள்ள அழுத்தமும் குறைகிறது. அதுவரை அடங்கியிருந்த நீருக்கு அந்தச் சூடு இப்போது கொதிநிலைக்கும் மேல். அதில் ஒரு பங்கு சட்டென்று ஆவியாகிறது. ஆவியானால் கன அளவு ஆயிரம் மடங்குக்கும் மேல் விரியும். அது மேலே உள்ள நீரைத் தள்ள, எடை இன்னும் குறைய, இன்னும் ஆழத்தில் உள்ள நீர் கொதிக்க, இப்படியே குழாய் காலியாகும்வரை தொடரும். பிறகு நிலத்தடி நீர் மெல்ல ஊறி நிரம்ப வேண்டும்.

நம் பள்ளிக்கூட ஆய்வகங்களில் இருக்கிற புன்சன் அடுப்பின் பெயருக்குரியவர், 1846-இல் ஐஸ்லாந்துக்குப் போய், பீச்சூற்றுக்குள் வெப்பமானியை இறக்கி அளந்துதான் இந்தக் கொதிநிலைக் கணக்கைப் பிடித்தார். அங்கே ஸ்ட்ரோக்கர் என்ற ஊற்று சில நிமிடங்களுக்கு ஒருமுறை பீறிடும். அதன் வாயில் முதலில் நீர் ஏறி இறங்கும். அடுத்து, நீல நிறத்தில் ஒரே கொப்புளமாக உப்பும். அது உடைந்ததும் வெண்ணிறத் தூண். வெடிப்பதற்கு முந்தைய அந்த நீலக் கொப்புளம்தான், என் கண்ணுக்கு, பீச்சூற்றின் முழு அழகும்.

செலாயாங்கில் நீர் கொதிநிலைக்கு வெகு கீழேயே இருக்கிறது. வரும் வழியில் குளிர்ந்த நிலத்தடி நீரும் கலந்துவிடுகிறது. அடைபட்டு அழுத்தம் ஏறவும் வழியில்லை. அதனால்தான் அமைதியாக ஊறுகிறது.

பீச்சூற்று அரிதானது மட்டுமல்ல, எளிதில் கெட்டும் போகும். கடும் வறட்சியால் ஓல்ட் ஃபெய்த்ஃபுல்லே 13, 14-ஆம் நூற்றாண்டுகளில் பல பத்தாண்டுகள் பீறிடாமல் கிடந்து, அதன் மேட்டில் மரங்கள் வளர்ந்திருக்கின்றன. நியூசிலாந்தின் வைராக்கேயில் 1958-இல் மின்நிலையம் தொடங்கி நிலத்தடிச் சூட்டுநீரை உறிஞ்ச, அங்கிருந்த பீச்சூற்றுகள் நின்றே போயின. அதே நாட்டின் ரோட்டோருவாவில் வீடுகளுக்கும் விடுதிகளுக்கும் போட்ட ஆழ்துளைக் கிணறுகளால் பீச்சூற்றுகள் தளர்ந்தபோது, 1980-களின் பிற்பகுதியில் அரசாங்கம் பொஹுட்டு ஊற்றைச் சுற்றி ஒன்றரை கிலோமீட்டருக்குள் இருந்த கிணறுகளை மூடச் சொன்னது. அழுத்தம் திரும்பியது; பொஹுட்டு இன்றும் நாள்தோறும் பீறிடுகிறது.