சிகரெட் விளம்பரத்தில் பிழைத்த பாட்டு

'சிம்லா' ஒரு சிகரெட்டின் பெயர். இம்பீரியல் டொபாக்கோ கம்பெனியின் தயாரிப்பு. இளைஞர்களிடம் அதை விற்க அந்தக் கம்பெனி பிடித்த வழி, ராக் இசைப் போட்டி. அறுபதுகளின் இறுதியில் தொடங்கிய 'சிம்லா பீட்' போட்டிக்குக் கல்கத்தா, சென்னை, ஷில்லாங் என்று பல ஊர்களிலிருந்து குழுக்கள் வந்தன. அவற்றில் சில வாசித்ததைத் தொகுத்து 'சிம்லா பீட் 70', 'சிம்லா பீட் 71' என்று இரண்டு எல்.பி. இசைத்தட்டுகள் வெளிவந்தன. இந்தியாவின் முதல் தலைமுறை ராக் இசைக்கு இன்று மிஞ்சியிருக்கும் சாட்சியங்கள் மிகச் சில. அவற்றில் இவை முக்கியமானவை.

தட்டைக் கேட்கிறவருக்கு முதலில் உறுத்துவது, பாதிப் பாட்டுகள் இரவல் என்பதுதான். 'டைனோசார்ஸ்' குழு வாசிப்பது அமெரிக்காவின் கிரீடன்ஸ் குழு 1969ல் வெளியிட்ட பாட்டு. 'ஹிப்னாடிக் ஐ' குழுவுடையது, ஹௌலிங் உல்ஃப் 1964ல் பாடிய ப்ளூஸ். "வெள்ளைக்காரன் பாட்டைக் காப்பியடித்தவர்கள்" என்று இந்தப் பையன்களை ஒதுக்கியவர்கள் அன்றும் உண்டு, இன்றும் உண்டு.

அது அவசரத் தீர்ப்பு. காப்பியடிப்பது அன்று அத்தனை சுலபமாக இல்லை. ரேடியோ சிலோன் காற்றோடு வந்து காற்றோடு போகும். வெளிநாடு போய் வந்தவர் யாராவது தட்டு கொண்டுவந்தால் அது கைமாறிக் கைமாறித் தேயும். ஸ்வரக் குறிப்பு கிடையாது. ஊசியைத் திரும்பத் திரும்ப வைத்துக் காதால் கேட்டே பிடிக்க வேண்டும். இறக்குமதிக் கெடுபிடியில் நல்ல எலெக்ட்ரிக் கிதார் குதிரைக் கொம்பு. ஆம்ப்ளிஃபயரை உள்ளூர் ரேடியோ மெக்கானிக்கிடம் சொல்லிச் செய்ய வேண்டியிருந்தது. போதாக்குறைக்கு, ஓட்டலில் சாப்பிட வந்தவர்கள் தெரிந்த பாட்டைத்தான் கேட்டார்கள். புதிதாக ஒன்றை வாசித்தால் கரண்டிச் சத்தம்தான் பதில். (மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டவனுக்கு இந்தச் சங்கடம் நன்றாகவே புரியும். நம்மையும் 'சொந்தமாக எழுதமாட்டீர்களா?' என்றுதான் கேட்கிறார்கள்.)

அந்த இரவலிலிருந்துதான் சொந்தம் முளைத்தது. 70ஆம் ஆண்டுத் தட்டிலேயே கல்கத்தாவின் 'கிரேட் பேர்' குழு தானே எழுதிய 'மிஸ்ட்' இருக்கிறது. சென்னையின் 'கன்ஃப்யூஷன்ஸ்' தந்த 'வாய்ஸ் ஃப்ரம் தி இன்னர் சோல்' இருக்கிறது. கரகரக்கும் கிதாருடன் ஓடும் இந்தப் பாட்டை, எங்கே பதிவானது என்று சொல்லாமல் போட்டால், கேட்கிறவர் எந்த நாட்டையும் சொல்லலாம். இது பாராட்டா, குறையா என்பதில் எனக்கே இரண்டு மனம்.

இரண்டு தட்டுகளும் பல ஆண்டுகள் கழித்து ஜெர்மனியில் குறுந்தகடாக மறுபிறவி எடுத்தன. சைக்கடெலிக் இசை சேகரிப்போர் தேடித்தேடி வாங்கினார்கள். இங்கே அந்தப் பையன்கள் வங்கி, விளம்பரம், தேயிலைக் கம்பெனி என்று எப்போதோ கலைந்திருந்தார்கள். புரவலர் வேடத்தில் சிகரெட்டை விளம்பரம் செய்யும் இந்த உத்திக்கே 2003ல் சட்டம் தடை போட்டுவிட்டது. நியாயமான தடைதான். ஆனால் எழுபதுகளில் அந்த வேலையைச் செய்ய வேறு கைகள் முன்வரவில்லை என்பதும் உண்மை.

புரவலர் கிடைக்காதவர்களின் கதிக்கு 'ஹ்யூமன் பாண்டேஜ்' உதாரணம். தென்னகத்தில் உருவாகிப் பம்பாய் வரை பேர் வாங்கிய குழு. அதில் டிரம்ஸ் வாசித்த சென்னைக்காரர் ரமேஷ் ஷோதம் பின்னாளில் ஜெர்மனியில் குடியேறி ஜாஸ் தாளக் கலைஞராகப் புகழ்பெற்றார். அவரது ஜாஸ் ஆல்பங்கள் கிடைக்கின்றன. ஹ்யூமன் பாண்டேஜின் ஆல்பம் என்று ஒன்றுகூட இல்லை.