உரசலும் ஒரு கிளட்ச் ஒயரும்

தீக்குச்சியின் தலையில் பொட்டாசியம் குளோரேட் இருக்கிறது. பெட்டியின் பக்கவாட்டில் சிவப்புப் பாஸ்பரசும் கண்ணாடித் தூளும் பூசியிருக்கிறார்கள். இரண்டையும் அருகருகே வைத்தால் ஒன்றும் ஆகாது. உரசினால்தான் தீ. 1920-களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய் இந்தத் தொழிலைக் கற்று வந்தார்கள். அதன் பிறகு சிவகாசியும் அதை ஒட்டிய நாரணாபுரம் போன்ற ஊர்களும் உரசலை நம்பிப் பிழைக்கத் தொடங்கின.

நாரணாபுரத்துத் தெருவில் நிற்கும் மோட்டார் சைக்கிளுக்கும் பிழைப்பு உரசல்தான். ஆனால் அதற்கு ஓரிடத்தில் உரசல் வேண்டும், இன்னோரிடத்தில் வேண்டவே வேண்டாம். கிளட்ச் ஒயர் அறுந்த வண்டி ஒன்று கிடைத்தால் இரண்டையும் பார்த்துவிடலாம்.

முதலில் வேண்டிய இடம். எஞ்சினின் பக்கவாட்டு மூடிக்குள், எண்ணெயில் நனைந்தபடி, வட்டத் தட்டுகள் அடுக்கடுக்காக இருக்கின்றன. ஒன்று எஞ்சினோடு சுற்றும், அடுத்தது கியர்ப் பெட்டியோடு சுற்றும். இப்படி மாறி மாறி வரும். வலுவான ஸ்பிரிங்குகள் எல்லாவற்றையும் சேர்த்து அழுத்தி வைத்திருக்கும். அழுத்தத்தால் உராய்வு, உராய்வால் எஞ்சினின் சுழற்சி சக்கரத்துக்குப் போகிறது. கியர் மாற்றும்போதும் வண்டியை நிறுத்தி எடுக்கும்போதும் இந்தப் பிடியைத் தளர்த்த வேண்டும். இடது கையில் லிவரை அமுக்குவது அதற்குத்தான்.

(டிவிஎஸ் எக்ஸ்எல்லில் லிவரே இல்லையே என்று யாராவது கேட்பீர்கள். அதில் எஞ்சின் வேகமெடுத்ததும் உள்ளே இருக்கும் கட்டைகள் தாமாகவே வெளிப்பக்கம் விரிந்து, ஒரு கிண்ணத்தின் உட்சுவரைப் பிடித்துக்கொள்ளும். அறுந்து போக கிளட்ச் ஒயரே கிடையாது!)

லிவரில் விரல் ஐந்தாறு சென்டிமீட்டர் நகர்ந்தால் ஒயர் ஒரு சென்டிமீட்டர்தான் நகரும். தூரத்தைக் கொடுத்து விசையை வாங்குகிறோம். அந்த விசை வளைந்து நெளிந்து எஞ்சின் வரை போக வேண்டும். கயிறு கட்டி இழுத்தால் கயிறு நேராகிவிடுமே, வளைந்த பாதையில் எப்படி இழுப்பது? இதற்கான வழிக்கு 1896-இல் எர்னஸ்ட் மோனிங்டன் பௌடன் என்பவர் இங்கிலாந்தில் காப்புரிமை வாங்கினார். கம்பியை ஒரு குழாய்க்குள் விட்டு, குழாயின் இரு முனைகளையும் அசையாமல் தாங்க வைத்தார். அவ்வளவுதான் விஷயம்.

கருப்பு உறையை வெறும் போர்வை என்று நினைத்துவிடாதீர்கள். பெரியவர்கள் பலரே அப்படித்தான் நினைக்கிறார்கள். பழைய ஒயரின் மேல் பிளாஸ்டிக்கைச் சீவிப் பாருங்கள், நெருக்கமாகச் சுற்றிய எஃகுச் சுருள் தெரியும். உள்கம்பி எவ்வளவு விசையோடு இழுபடுகிறதோ, அதே அளவு விசையோடு இந்தச் சுருள் நெருக்கப்படுகிறது. நியூட்டனின் மூன்றாம் விதி சைக்கிள் பிரேக்கிலும் பைக் கிளட்ச்சிலும் இப்படித்தான் ஒளிந்திருக்கிறது. இதனால் ஒரு வசதி: உள்கம்பியை வெட்டிக் குறைக்காமலே அதைக் குட்டையாக்கலாம். அட்ஜஸ்டர் திருகை வெளியே திருப்பினால் உறை நீளும். உறை நீண்டால் கம்பி குறைந்ததற்குச் சமம்.

இனி உரசல் வேண்டாத இடம்: உறைக்குள் கம்பி வளைந்து போகும் பாதை. ஒரு மேசைக்கரண்டியின் காம்பில் நூலைக் கட்டித் தொங்கவிடுங்கள். நூலை ஒரு பென்சிலின் மேலே போட்டு மறுபக்கம் கீழ்நோக்கி இழுங்கள். அரைச் சுற்று ஆயிற்று, எளிதாக வரும். இப்போது நூலைப் பென்சிலில் இன்னொரு முழுச் சுற்று சுற்றிவிட்டு இழுங்கள். அதற்கும் மேலே இன்னொன்று. ஒவ்வொரு சுற்றுக்கும் கை எவ்வளவு கஷ்டப்படுகிறது பாருங்கள்! அரைச் சுற்று வளைவுக்கு ஒன்றரை மடங்கு விசை தேவைப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். முழுச் சுற்றுக்கு மூன்று மடங்கு ஆகாது, 1.5 × 1.5, அதாவது 2.25 மடங்கு. ஒன்றரைச் சுற்றுக்கு 3.375 மடங்கு. கூட்டல் கணக்கு அல்ல, பெருக்கல் கணக்கு. இதைக் கண்டு சொன்னவர்களில் ஒருவர் 18-ஆம் நூற்றாண்டின் பெரிய கணித மேதை ஆய்லர். வியப்பு என்னவென்றால், பென்சில் மெல்லியதா பருமனா என்பது இதில் ஒரு பொருட்டே இல்லை. மொத்தம் எத்தனை பாகை வளைகிறது என்பதுதான் கணக்கு. ஆகவே ஒயர் போகிற பாதையில் தேவையில்லாத ஒரு வளைவு வந்தாலும் விரல் வலிக்கும்.

சரி, ஒயர் அறுவது ஏன்? ஜெர்மனியின் ஹார்ட்ஸ் மலைச் சுரங்கங்களில் அதிகாரியாக இருந்தவர் வில்ஹெல்ம் ஆல்பர்ட். தாங்கக்கூடிய எடையைத் தூக்கும்போதே சங்கிலிகள் திடீரென்று அறுவதைப் பார்த்து, ஒரே எடையைத் திரும்பத் திரும்பத் தூக்கவைத்துச் சோதித்தார். பல ஆயிரம் முறைக்குப் பிறகு உலோகம் களைத்து விரிசல் விடும் என்று தெரிந்தது. அதே மனிதர்தான் மெல்லிய இரும்புக் கம்பிகளை முறுக்கிக் கயிறாக்கி, 1834-இல் கிளவுஸ்தால் ஊர்ச் சுரங்கத்தில் பயன்படுத்தினார். ஒற்றைத் தடிக்கம்பி வளையும்போது அதன் வெளிப்புறம் அதிகமாக நீள வேண்டியிருக்கும். மெல்லிய இழைக்கு அந்தத் தொல்லை குறைவு. ஓர் இழை போனாலும் மற்றவை தாங்கும்.

கிளட்ச் ஒயரும் அப்படி முறுக்கியதே. பெரும்பாலும் அது அறுகிற இடம், லிவருக்குள் உட்காரும் நிப்பிளுக்கு, அதாவது கம்பி முனையில் உள்ள உலோகக் குமிழுக்கு, பக்கத்தில். லிவரை அமுக்கும்போது உருளை வடிவ நிப்பிள் தன் குழிக்குள் சற்றே உருள வேண்டும். கிரீஸ் காய்ந்து, நம் வட்டாரத்துப் புழுதியும் சேர்ந்தால் அது உருளாது. உருளவேண்டிய நிப்பிளுக்குப் பதிலாகக் கம்பி மடங்கும். சந்தையிலும் சிக்னலிலும் ஒரு நாளில் எத்தனை முறை மடங்கும், யோசியுங்கள். குழிக்குள் ஒரு துளி கிரீஸ் வைக்காததால்தான் இழைகள் ஒவ்வொன்றாகப் போகின்றன.

ஒயர் மாற்றுவதை வீட்டில் பெரியவரோடு சேர்ந்து செய்யுங்கள். எஞ்சின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். தீப்பெட்டி, பட்டாசு எதுவும் பக்கத்தில் இருக்கக்கூடாது. சென்டர் ஸ்டாண்டு போட்டதும் பழைய ஒயர் போகும் பாதையைச் செல்போனில் படம் எடுத்துவிடுங்கள். லிவர் பக்கத்து அட்ஜஸ்டரையும் லாக் நட்டையும் முழுக்க உள்ளே திருகினால் ஒயர் தொய்யும். அட்ஜஸ்டர், லாக் நட், லிவர் மூன்றிலும் உள்ள பிளவுகளை ஒரே கோட்டில் கொண்டுவந்தால் கம்பி அதன் வழியாக வெளியே வந்துவிடும். எஞ்சின் பக்கம் நட்டைத் தளர்த்தி, ஒயர் இழுக்கும் சிறு கை போன்ற லிவரிலிருந்து முனையைக் கழற்றுங்கள். உருவுவதற்கு முன் கீழ் முனையில் நீளமான ட்வைன் நூலைக் கட்டி, மேல் வழியாக இழுங்கள். பழைய ஒயர் வெளியே வரும்போது நூல் அதன் பாதையில் நிற்கும். அதில் புதிய ஒயரைக் கட்டி இழுத்தால் தடம் மாறாது. மெக்கானிக்குகள் இதைக் கண்ணை மூடிக்கொண்டு செய்வார்கள்; நமக்கு நூல்தான் துணை.

நிப்பிளில் கிரீஸ் தடவிப் பொருத்தியதும் ஹேண்டில்பாரை இடது கோடிக்கும் வலது கோடிக்கும் திருப்புங்கள். ஒயர் எங்கும் இழுபடக்கூடாது. லிவரின் நுனியில் கொஞ்சம் தொய்வு (பிளே) இருக்க வேண்டும். பெரும்பாலான வண்டிகளுக்கு 10 முதல் 20 மில்லிமீட்டர். உங்கள் வண்டிக்கு எவ்வளவு என்று அதன் கையேட்டில் இருக்கும். தொய்வே இல்லாமல் இறுக்கினால் தட்டுகள் முழுதாகச் சேராமல் நழுவித் தேய்ந்து கருகும். மிகவும் தளர்த்தினால் தட்டுகள் பிரியாது. கியர் போடும்போது வண்டி கடகடவென்று கத்தும், லிவரை அமுக்கியிருக்கும்போதே முன்னால் நகரும். முதல் ஓட்டத்தைப் பெரியவர் மட்டும், கூட்டமில்லாத இடத்தில் ஓட்டிப் பார்க்கட்டும்.

உங்கள் வீட்டு பைக்கின் லிவர் அடியில் இன்று மாலை டார்ச் அடித்துப் பாருங்கள். நிப்பிளுக்குப் பக்கத்தில் ஓர் இழையாவது பிய்ந்து நின்றால் உடனே சொல்லி, ஒயரை மாற்றச் சொல்லுங்கள். மீதி இழைகளும் அதிக நாள் தாங்காது.