கேப்டன் டீச்சரின் சனிக்கிழமைகள்

1966 அக்டோபர் 16 அன்று புனே ஆளந்தி சாலையில் ‘சங்கம்’ திறக்கப்பட்டது. சாரணியர் இயக்கத்துக்கு அதற்கு முன் சுவிட்சர்லாந்து, லண்டன், மெக்சிகோ என மூன்றே உலக மையங்கள். ஆசியாவுக்குக் கிடைத்த முதல் வீடு இதுதான். திறந்துவைக்க வந்தவர் உலகத் தலைமைச் சாரணியரான 77 வயது ஓலேவ் பேடன் பவல். கட்டடத்தைப் பற்றி எழுதியவர்கள் உண்டு. சிறுமிகளை அங்கே அழைத்துவரும் பெண்களைப் பற்றித்தான் நான் சொல்ல விரும்புகிறேன்.

இந்தியாவின் முதல் சாரணியர் குழு 1911இல் ஜபல்பூரில் ஐரோப்பிய, ஆங்கிலோ இந்தியச் சிறுமிகளுக்காகத் தொடங்கியது. இந்தியச் சிறுமிகளுக்கு 1916இல்தான் இடம் கிடைத்தது. புனேயோ அதற்கு வெகுகாலம் முன்பே பெண் கல்வியைக் கண்ட ஊர். சாவித்ரிபாய் புலே பிடே வாடாவில் பள்ளி தொடங்கியது 1848இல். ஹுஜுர்பாகா பெண்கள் பள்ளி வந்தது 1884இல். ஆனாலும் மகளைப் பகலில் பள்ளிக்கு அனுப்புவது வேறு, இரவு கூடாரத்தில் தங்க அனுப்புவது வேறு. “டீச்சர் கூடவே இருப்பாங்கள்ல?” என்று அன்று கேட்ட அம்மாவும் இன்று கேட்கிற அம்மாவும் ஒரே பதிலைத்தான் எதிர்பார்க்கிறார்கள். அந்தப் பதிலாக நிற்பவர்தான் பள்ளிச் சாரணியர் குழுவை நடத்தும் ஆசிரியையான கைடு கேப்டன். சம்பளம் கற்பிப்பதற்கு, இது தொண்டு.

இந்தத் தொண்டை மதிக்கும் வழிகள் அன்று மேலிருந்து வந்தன. இங்கிலாந்தில் ‘வெள்ளி மீன்’ என்றொரு பதக்கம். தொடக்கத்தில் பல திறன் தேர்வுகளை முடித்த சிறுமிகளுக்கே அதைக் கொடுத்தார்கள். பிறகு பெரியவர்களின் சிறந்த சேவைக்கு உரியதாக அது மாறியது. இந்தியாவில் 1950 நவம்பர் 7இல் பாரத சாரணர் சாரணியர் இயக்கம் உருவாகி, அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 15இல் சாரணியர் அமைப்பும் அதில் இணைந்தது. இங்கே பெரியவர்களுக்கான மிக உயர்ந்த விருது ‘வெள்ளி யானை’. சங்கம் திறந்த காலத்தில் தேசிய ஆணையராக இருந்த லட்சுமி மஜும்தார், உலகச் சாரணர் குழு தரும் ‘வெண்கல ஓநாய்’ விருதை 1969இல் பெற்றார். பெரிய கௌரவம்தான். ஆனால் அந்த உயரத்தை எட்டாமலே பணி ஓய்வு பெற்ற கேப்டன்கள் எத்தனை எத்தனை! புனேயில் சால்வையும் தேங்காயும், நம் ஊரில் பொன்னாடை. அதோடு முடிந்துவிடும்.

அவர்கள் செய்வது என்ன என்று பார்த்தால்தான் அந்த மரியாதை எவ்வளவு குறைவு என்பது புரியும். ஒரு சிறுமி பிரவேஷ் என்ற முதல் படியில் தொடங்கி, பிரதம சோபான், துவிதீய சோபான், திருதீய சோபான் கடந்து, ராஜ்ய புரஸ்கார் என்ற மாநில விருதை வாங்கி, அதன்பின் ராஷ்டிரபதி விருதுக்குப் போகிறாள். இடையில் முடிச்சுகள், முதலுதவி, திசையறிதல், சமையல், நடைப்பயணம், முகாம். எல்லாவற்றுக்கும் பதிவேடு, ஒவ்வொரு பக்கத்திலும் கேப்டனின் கையெழுத்து. ஓர் ஆண்டில் முடிகிற காரியம் அல்ல. கூடவே கேப்டனும் படிக்கிறார்: அடிப்படைப் பயிற்சி, மேல்நிலைப் பயிற்சி, பிறகு இரண்டு மரமணிகளோடு வரும் ஹிமாலய வுட் பேட்ஜ். முகாமில் இரவு காய்ச்சல் வந்த பிள்ளைக்குக் கஞ்சி வைப்பதற்குப் பேட்ஜ் எதுவும் கிடையாது. முதல் மாதவிடாய் அங்கேயே வந்துவிட்ட பெண்ணைத் தனியே அழைத்துப் பேசித் தேற்றுவதற்கும் கிடையாது. என் கணக்கில் அவைதான் முதல் தரச் சேவை.

இன்று நிறைய மாறியிருக்கிறது. சங்கத்துக்குப் பல நாடுகளிலிருந்து இளம்பெண்கள் தொண்டர்களாக வந்து தங்கி, நிகழ்ச்சிகளை நடத்த உதவுகிறார்கள். அங்கே அவர்களை ‘தாரே’ என்று அழைக்கிறார்கள். விண்மீன்கள் என்று ஒரு வீடு தன் தொண்டர்களைக் கூப்பிடுவது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது; பதக்கத்துக்காகக் காத்திராமல், வந்த அன்றே கிடைக்கும் மரியாதை அது. பள்ளிகளிலும் பாராட்டு விரைவாகிவிட்டது. முகாம் முடிவதற்குள் வாட்ஸ்அப் குழுவில் படமும் நன்றியும் வந்துவிடுகின்றன. முன்பு அடுத்த ஆண்டுவிழா வரை காத்திருக்க வேண்டும். இது நல்ல மாற்றம், மனதார வரவேற்கிறேன்.

சுருங்கிவிட்டது ஒன்றுதான்: கேப்டனின் நேரம். பெற்றோர் ஒப்புதல் கடிதம், பாதுகாப்புப் படிவம், பயண அனுமதி எல்லாம் தேவைதான். பிள்ளைகளின் பாதுகாப்பில் குறுக்கு வழி கூடாது. ஆனால் அத்தனையையும் எழுதுவது அதே டீச்சர்தான், தேர்வுத்தாள் திருத்துகிற அதே கையால். அவருக்குச் சால்வையைவிட முகாம் நாட்களுக்குப் பணிநாள் கணக்கும், குழுவுக்காகச் செலவிடும் சனிக்கிழமைக்கு ஈடான விடுப்பும், கைக்காசு போட்டு வாங்கிய கயிற்றுக்கும் மருந்துக்கும் உடனே பணமும் கிடைக்க வேண்டும். கூட நிற்க இன்னொரு பெண்ணும் வேண்டும். ராஷ்டிரபதி விருது வாங்கிய மாணவியின் படம் பள்ளி ஆண்டுமலரில் வரும்போது, முதல் முடிச்சைக் கற்றுக்கொடுத்தவரின் பெயரும் அதே பக்கத்தில் அச்சாகட்டும். மாணவியைக் கேட்டால் அந்தப் பெயரைத் தயங்காமல் சொல்வாள்.